சித்தூருக்கு வந்த தானியேல்: நான்கு பேரரசுகளும் ஒரு பல் மருத்துவரும்

திருப்பதியில் முதுகலை வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் சில நாள்களுக்கு முன் ஒரு வினா எழுப்பினார். தானியேல் நூல் கூறும் நான்கு பேரரசுகளுள் ஆங்கிலப் பேரரசு எதில் அடங்கும்? அமெரிக்காவுக்கு அதில் இடம் உண்டா? இஸ்ரயேல் குறித்த செய்தி நாளேடுகளில் பெருகும்போதெல்லாம் சபைகளில் இவ்வினா எழுகிறது. "இது சமயக் கேள்வி, எங்கள் துறையில் வராது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால், பேரரசுகளை வரிசைப்படுத்துவது வரலாற்றாசிரியனின் தொழிலும்கூட. அதோடு, இவ்வினாவுக்குச் சித்தூர் மண்ணிலேயே ஏறத்தாழ 190 ஆண்டு வரலாறு உண்டு. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நூல். இரண்டாம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு ஆகியவற்றாலான ஒரு சிலை வருகிறது. பாதங்களில் இரும்பும் களிமண்ணும் கலந்திருக்கின்றன. ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் எழும்புகின்றன. இன்றைய கல்விசார் ஆய்வாளருள் பெரும்பாலோர் இவற்றைப் பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம் எனக் கொள்கின்றனர். சபை மரபோ மேதியரையும் பாரசீகரையும் ஒன்றாக்கி, நான்காம் இடத்தை உரோமுக்கு அளித்தது. இவ்வேறுபாடு நூலின் காலத்தைப் பொறுத்தது. பதினொன்றாம் அதிகாரம் அலெக்சாந்தருக்குப் பின்வந்த மன்னர்களின் போர்களை எதிர்காலச் செய்தியாக, வியக்கத்தக்க நுட்பத்தோடு சொல்லிச் செல்கிறது. எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோகு வரை எல்லாம் பொருந்துகிறது. அவன் மரணத்தில் மட்டும் பொருத்தம் குலைகிறது. நூல் அவன் முடிவைக் கடலுக்கும் திருமலைக்கும் இடையில் காட்ட, அவனோ கி.மு. 164இல் பாரசீகப் பகுதியில் இறந்தான். எனவே நூலின் இப்பகுதி அவன் மரணத்துக்குச் சற்று முன் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவ ஞானி இதை வாதிட்டார். ஜெரோம் அவரை மறுத்து எழுதியதால்தான் அவ்வாதமே நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் துறை மாணவருக்கு இம்முறை புதிதன்று. விஷ்ணு புராணம் முதலியவை நந்தர், மௌரியர், சுங்கர், ஆந்திரர் ஆகிய மரபுகளைக் கலியுகத்தில் இனி வரப்போகும் அரசர்களாகவே பட்டியலிடுகின்றன. பார்ஜிட்டர் 1913இல் அப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். பட்டியல் எந்த மரபோடு நின்றுவிடுகிறது என்று பார்த்தே அதன் காலத்தைக் கணிக்கிறோம். சாதவாகனர் காலவரிசையை எழுதும்போது தயக்கமின்றிக் கையாளும் கருவியைத் தானியேல் நூலிடம் கொண்டுசெல்லும்போது மட்டும் நம்மில் பலருக்குக் கை நடுங்குகிறது.

ஆனால் நூலின் காலத்தைக் கணித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதை யார், எந்தப் பேரரசின் கீழ் அமர்ந்து வாசித்தார் என்பதே எனக்கு இன்னும் சுவையான கேள்வி. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் வீழ்ந்தபின் எழுந்த நான்காம் எஸ்றா நூலில், கழுகுத் தரிசனத்தை விளக்கும் குரல், தானியேலுக்குக் காட்டப்பட்ட நான்காம் அரசே இது, ஆனால் அவனுக்கு இவ்வாறு விளக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே திருத்தம் சொல்கிறது. கழுகு உரோம் என்பதில் ஐயமில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த யோசேப்பு உரோமப் பேரரசரின் ஆதரவில் வாழ்ந்தவர். சிலையை உடைக்கும் கல்லை விளக்கும் இடம் வந்ததும், நடந்ததை எழுதுவதே தம் பணி, நடக்கவிருப்பதை அன்று என்று ஒதுங்கிக்கொள்கிறார். கல் யாருடைய பாதத்தில் விழும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

இனிச் சித்தூருக்கு வருவோம். அந்தோணி நோரிஸ் க்ரோவ்ஸ் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்தவர். பிற்காலத்தில் பிளிமத் சகோதரர் எனப்பட்ட இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பிரெஞ்சுப் புரட்சியும் 1798இல் போப்பாண்டவர் சிறைப்பட்டதும் அக்கால வாசகரை உலுக்கியிருந்தன. தீர்க்கதரிசனத்தின் ஒரு நாளை ஓர் ஆண்டாக எண்ணி, 1260 ஆண்டுக் கணக்கு முடிந்தது என்று பலர் நம்பினர். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஐபிராத்து நதி வற்றுவதாகச் சொல்லப்பட்டதைத் துருக்கியப் பேரரசின் சரிவாகக் கொண்டனர். அதன்பின் யூதர் தம் நாடு திரும்புவர் என்று எதிர்பார்த்தனர். ஜோசப் உல்ஃப் என்ற ஊர்சுற்றி மிஷனரி, இழந்துபோன இஸ்ரயேல் கோத்திரங்களைத் தேடி மத்திய ஆசியாவையும் இந்தியாவையும் அலைந்தார். கிறிஸ்துவின் வருகைக்கு 1847 என்று ஆண்டையே குறித்தார்.

இத்தகைய எதிர்பார்ப்போடுதான் க்ரோவ்ஸ் 1829இல் பாக்தாத் சென்றார். நதியின் வற்றலை அருகிலிருந்தே காணும் இடம் என்று சொல்லலாம். 1831இல் கொள்ளைநோய், வெள்ளம், முற்றுகை மூன்றும் அந்நகரை அடுத்தடுத்துத் தாக்கின. மனைவி மேரி அந்நோயில் மாண்டார். இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு பாக்தாதில் வீழ்ந்தது துருக்கியப் பேரரசு அன்று. ஏறத்தாழத் தன்னாட்சி செலுத்திவந்த மம்லுக் ஆளுநர் தாவூத் பாஷாவின் ஆட்சி. சுல்தானின் படை உள்ளே நுழைந்து நேரடி ஆட்சியை மீட்டது. நதி வற்றும் என்று காத்திருந்தவர் கண்முன், அந்த ஓரிடத்தில் நீர் ஏறியது.

அவரோடு சேர வந்த பிரான்சிஸ் நியூமன் (கர்தினால் நியூமனின் தம்பி) இங்கிலாந்து திரும்பி, தம் நம்பிக்கை படிப்படியாகக் கரைந்த கதையை 1850இல் நூலாக வெளியிட்டார். க்ரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார்; நீர்ப்பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதற்குத் தூண்டுதலாக இருந்தார். இங்கிலாந்து சென்று மீண்டவர், 1837இல் சித்தூரில் குடியேறினார். சித்தூர் அப்போது வட ஆற்காட்டின் தலைநகர். அங்கே பண்ணையும் பட்டுத் தொழிலும் தொடங்கினார். பவுல் கூடாரம் செய்து பிழைத்ததுபோல ஊழியர் தம் கையால் உண்ண வேண்டும் என்பது எண்ணம். தொழில் நட்டத்தில் முடிந்தது. கடன் பல ஆண்டு அழுத்தியது.

சித்தூரின் அன்றைய அரசியலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1801 முதல் 1843 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகம் கும்பினியாரிடம் இருந்தது. சித்தூர்க் கலெக்டர் கச்சேரியே கோயில் கணக்கையும் பார்த்தது. மிஷனரிகளின் எதிர்ப்பும் இங்கிலாந்திலிருந்து வந்த உத்தரவும் சேர்ந்து, 1843இல் பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்து மகந்துவிடம் சென்றது. உலகப் பேரரசெல்லாம் மிருகமே என்று வாசித்தவர்கள், மிருகத்தின் அஞ்சலையும் கப்பலையும் காவலையும் நம்பி வாழ்ந்தனர். அதே சமயம் அது கோயில் வருமானத்தைத் தொடக்கூடாது என்றும் கேட்டனர். இரும்பும் களிமண்ணும் என்ற உருவகம் அவர்களுக்கே பொருந்துவதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

இருப்பினும் க்ரோவ்ஸின் வாசிப்பு அவரை மற்றொரு திசைக்கும் இட்டுச் சென்றது. காலம் குறுகியது என்று நம்பியவர் நிறுவனம் கட்டுவதில் அக்கறை காட்டவில்லை. இந்தியக் கிறிஸ்தவர் அயல்நாட்டுச் சங்கத்தின் சம்பளமோ அனுமதியோ இன்றித் தாமே கூடி வழிபடலாம் என்றார். டார்பி பிரிவினையை நோக்கிச் செல்வதை 1836லேயே கடிதம் எழுதிக் கண்டித்தார். ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் க்ரோவ்ஸின் கருத்தை ஏற்று, சம்பளம் மறுத்து, 1840இல் மதுரைப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையை உருவாக்கினார். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் அவர் பங்கு பெரிது. அவ்வலை பின்னர் திருவிதாங்கூரை எட்டியது. அங்கே தமிழ்ப் பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் யோசேப்பு, 1881இல் கிறிஸ்து வருவார் என்று கணக்கிட்டு யூயோமய சபையைத் தொடங்கினார். ஆண்டு கடந்தது, வருகை ஆவிக்குரியதாக நிகழ்ந்தது என்று விளக்கம் மாறியது.

கணிப்பு பொய்த்ததும் விளக்கம் மாறுவதைக் கிறிஸ்தவரின் தனிக்குறையாக எண்ண வேண்டாம். அண்டை மாவட்டமான கடப்பையின் போத்துலூரி வீரபிரம்மம் பெயரால் வழங்கும் காலக்ஞானத்தைச் சித்தூரில் அறியாத வீடு குறைவு. ஒவ்வொரு புதிய நிகழ்ச்சிக்குப் பின்னும் அது அங்கே முன்பே சொல்லப்பட்டிருந்ததாகக் கண்டெடுக்கிறோம். இரு மரபையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் ஆய்வேடு ஒன்று திருப்பதியிலிருந்து வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாணவருக்கு நான் தந்த விடை சுருக்கமானது. தானியேல் நூலை எழுதியவருக்கு இங்கிலாந்தும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. அவர் கண்ணெதிரே இருந்தவன் அந்தியோகு. "அப்படியானால் எங்கள் பாஸ்டர் சொல்வது?" என்று கேட்டார். அவர் எந்தப் பேரரசுக்கு நான்காம் இடம் தருகிறார், எதற்குத் தரத் தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். க்ரோவ்ஸ் 1852இல் நோயாளியாகத் தாயகம் திரும்பி, மறு ஆண்டு மே மாதம் பிரிஸ்டலில் மைத்துனர் ஜார்ஜ் முல்லரின் வீட்டில் காலமானார். அதே 1853இல் ஸ்கடர் சகோதரர் அமெரிக்க ஆற்காடு மிஷனை நிறுவினர். சித்தூர் அதன் தொடக்க நிலையங்களுள் ஒன்று.