யூரோஸ்டார் பயணச்சீட்டு

ஆங்கிலக் கால்வாய்க்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாக லண்டனைப் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களோடு இணைக்கும் யூரோஸ்டார் அதிவேக ரயில், 1994 நவம்பர் 14 அன்று பயணிகள் சேவையைத் தொடங்கியது. இதன் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் வருவதல்ல. விமானச் சீட்டைப் போல, இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர்களே வெவ்வேறு தொகை கொடுத்திருக்கலாம். மாதக்கணக்கில் முந்திக்கொண்டவருக்கு மலிவு. கடைசி நேரத்தில் ஓடி வருபவருக்குப் பெரும்பாலும் பன்மடங்கு. ஐரோப்பிய ரயில்களில் பயணிக்க உதவும் இன்டர்ரெயில் பாஸ் வைத்திருப்பவரும் இருக்கைக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பாஸ்காரர்களுக்கான இருக்கை ஒதுக்கீடோ கொஞ்சம்தான். சீட்டு கையில் இருந்தும் வண்டியைக் கோட்டைவிட வாய்ப்புண்டு. லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் பாஸ்போர்ட்டைச் சோதித்துவிடுகிறார்கள். பாரிஸில் அதேபோல் பிரிட்டிஷ் அதிகாரிகள். இந்தச் சோதனைகளுக்கு நேரம் வேண்டும் என்பதால், வண்டி நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே நுழைவாயில் மூடப்பட்டுவிடும்.