கையெழுத்தும் பணித்தேர்வும்: பிரான்சின் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விண்ணப்பதாரரின் கையெழுத்தைக் கொண்டு அவருடைய குணநலனை மதிப்பிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுப் பிரான்சில் பரவலாக இருந்தது. விண்ணப்பக் கடிதத்தைக் கைப்பட எழுதியனுப்புமாறு நிறுவனங்கள் கேட்டன. அக்கடிதம் கையெழுத்தியலாரின் ஆய்வுக்குச் சென்றது. நீதிமன்றங்களில் பயன்படும் கையெழுத்து ஒப்பீடு இதனின் வேறானது. அது ஓர் ஆவணத்தை எழுதியவர் யார் என ஆராய்வது. கையெழுத்தியலோ எழுதியவர் எத்தகையவர் எனக் கூற முற்படுவது. இவ்வழக்கத்தைப் பிரெஞ்சுச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அதில் எஞ்சிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கையெழுத்தியலும் பினேயின் சோதனையும்

கையெழுத்தியலுக்குப் பெயரும் அமைப்பும் தந்தவர் கத்தோலிக்கக் குருவான ழான் இப்போலித் மிஷோன் (1806–1881). அவருக்குப் பின் ழூல் கிரேப்பியே-ழாமேன் அதனை விரிவாக வகைப்படுத்தினார். உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே அதன் உரிமைகோரல்களைச் சோதனைக்கு உட்படுத்தி, 1906 இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். எழுதியவரின் பால், வயது, அறிவுத்திறன், குணம் ஆகியவற்றைக் கையெழுத்திலிருந்து கூற இயலுமா என்பதே அவர் எழுப்பிய வினா. சிலவற்றில் கையெழுத்தியலாரின் விடைகள் தற்செயலைவிட மேம்பட்டிருந்தன. எனினும் பிழைகளும் குறைவில்லை. பணித்தேர்வில் இவ்வேறுபாடு முதன்மையானது. பலரைப் பற்றிய சராசரிக் கணிப்பு ஓரளவு சரியாக இருப்பினும், வேலை மறுக்கப்படுபவர் தனியொருவரே.

1992 ஆம் ஆண்டுச் சட்டம்

தமக்கு வேண்டியவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேலை அளிப்பவருக்கு உண்டு என்பது நெடுங்கால நிலைப்பாடு. வேலைவாய்ப்பில் பொது உரிமைகள் குறித்துச் சட்டப் பேராசிரியர் ழெரார் லியோன்-கான் தொழில் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கை, அவ்வுரிமைக்கு வரம்பு வேண்டும் என்ற விவாதத்துக்கு வலுவூட்டியது. இதன் தொடர்ச்சியாக 1992 டிசம்பர் 31 ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் பின்வரும் விதிகளை வகுத்தது:

1. விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் தகவல், குறிப்பிட்ட பணியோடு நேரடியான, தேவையான தொடர்புடையதாக இருத்தல் வேண்டும்.
2. பயன்படுத்தப்படும் தேர்வு முறைகள் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படல் வேண்டும்.
3. அம்முறைகள் நோக்கத்துக்குப் பொருத்தமானவையாக இருத்தல் வேண்டும்.
4. முடிவுகள் மறைவாகப் பேணப்படல் வேண்டும்.

2008 இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு மறுசீரமைக்கப்பட்டபோது இவ்விதிகள் எண் மாற்றத்துடன் தொடர்ந்தன.

எஞ்சிய சிக்கல்

இவ்விதிகள் கையெழுத்தியலைப் பெயர் சுட்டித் தடை செய்யவில்லை. அது மெய்யா பொய்யா எனத் தீர்ப்பளிக்கவும் இல்லை. ஒருவரைப் பற்றி வேலை அளிப்பவர் எவற்றை, எவ்வழியில் அறியலாம் என்பதையே வரையறுத்தன. விண்ணப்பத்துக்கென எழுதப்பட்ட கடிதத்தை எழுதியவர் அறியாமல் குண ஆய்வுக்கு உட்படுத்துவது இதனால் சட்டத்துக்குப் புறம்பாயிற்று.

ஆயினும் தெரிவித்தல் வேறு, இசைவு வேறு. ஆய்வு நிகழும் என அறிந்த விண்ணப்பதாரர் அதனை மறுத்தால் வாய்ப்பை இழக்கக்கூடும். அந்நிலையில் அவர் தரும் இசைவு முழு விருப்பத்தின்பாற்பட்டதாகாது. மேலும், ‘பொருத்தம்’ என்பதைச் சட்டம் எவ்வித அளவுகோலாலும் விளக்கவில்லை. பினே எழுப்பிய நம்பகத்தன்மை குறித்த வினா இச்சொல்லின் வழியாகவே சட்டத்துள் நுழைய இயலும். ஆனால் அவ்வினாவை எழுப்ப வேண்டியவர், தாம் எக்காரணத்தால் மறுக்கப்பட்டோம் என்பதைப் பெரும்பாலும் அறியாத விண்ணப்பதாரரே.

முடிவுரை

ஒரு முறையின் பெயரைக் குறிக்காமல் பொது நெறியை வகுத்தது இச்சட்டத்தின் வலிமை. பிற்காலத்தில் தோன்றும் தேர்வுக் கருவிகளுக்கும் அந்நெறி பொருந்தும். பொருத்தத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தெளிவாக வரையறுக்காமல் விட்டது அதன் குறை. மறைவாக நிகழ்ந்த ஆய்வை வெளிப்படையாக்கிய சட்டம், வெளிப்படையாக நிகழும் தவறான மதிப்பீட்டிலிருந்து விண்ணப்பதாரருக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.