நெய்வேலிச் சுரங்க விரிவாக்கமும் சுற்றுச்சூழல் மேலாண்மையும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில், 1956-இல் தொடங்கப்பட்ட என்எல்சி நிறுவனம் சுரங்கம்-1, சுரங்கம்-1ஏ, சுரங்கம்-2 ஆகியவற்றில் பழுப்பு நிலக்கரி வெட்டி அனல்மின் நிலையங்களுக்கு அளிக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வெட்டுமுகம் நகர நகர, வயல்களும் ஊர்களும் ஓடைகளும் அதன் வழியில் வருகின்றன.

நிலத்தடி நீர்

நிலக்கரிப் படுகையின் அடியில் ஆர்ட்டீசியன் ஊற்று உள்ளது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத் தரை பிளந்து வெள்ளம் புகும் என்பதால், ஆழ்குழாய்க் கிணறுகள் இரவுபகலாக நீரை இறைக்கின்றன. இந்நீர் மின்நிலையங்களுக்கும் பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் பயன்படுகிறது. எனினும், தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டதென்பது சுற்றுப்புற விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. தேவைக்கு மேல் இறைக்காமல் இருப்பதும், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளப்பதும், மழைநீரை நிலத்துக்குள் செலுத்துவதும் இதற்கான வழிகள்.

மண்

அகற்றிய மண் முதலில் வெளியே மேடாகக் கொட்டப்படுகிறது. பின்னர் வெட்டி முடித்த குழியிலேயே நிரப்பப்படுகிறது. இந்த மண்ணில் கரிமச்சத்து குறைவு. வளமான மேற்பரப்பு மண்ணைத் தனியே சேமித்து மீண்டும் பரப்பினால்தான் பயிர் விளையும். மேடுகளில் மரம் வளர்க்காவிட்டால் மழை மண்ணை அரித்து ஏரிகளைத் தூர்த்துவிடும். அவ்வாறு தூர்ந்த வாலாஜா ஏரி நிறுவனத்தின் செலவில் தூர்வாரப்பட்டது.

ஆறும் மக்களும்

சுரங்கம்-2 முன்னேறுவதற்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்டப்பட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் நிலையிலிருந்த நெற்பயிர் இதற்காக அழிக்கப்பட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான். ஆயினும் அறுவடைவரை பொறுக்காததைச் சென்னை உயர்நீதிமன்றம் வேதனையுடன் கண்டித்து, ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

சட்டம்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்க விரிவாக்கத்துக்கு முன்அனுமதி தேவை. 2009-ஆம் ஆண்டின் நிலக்கரி அமைச்சக வழிகாட்டுதல், சுரங்கத்தை மூடுவதற்கான நிதியை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் செலுத்தச் சொன்னது.

மதிப்பீடு

விரிவாக்கத்தை வெட்டிய டன் கணக்கால் மட்டும் அளப்பது நேர்மையாகாது. நிரப்பிய குழியில் எவ்வளவு நிலம் உழவுக்குத் திரும்பியது, கிணறுகளில் நீர் நிற்கிறதா, நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிலையான வேலை கிடைத்ததா என்பவையே உண்மையான அளவுகோல்கள். இவற்றுக்கு விடை தந்த பிறகே அடுத்த வயலில் கை வைக்க வேண்டும்.