குறுக்குத் தையலும் காகிதக் கைவினையும்

துணியின் இழைகளை எண்ணி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழும் இரண்டு சாய்ந்த தையல்களால் உருவங்களை நிரப்பும் பூத்தையல் வகை குறுக்குத் தையல் ஆகும். தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகளிலும் நூல் கடைகளிலும் இது கிராஸ் ஸ்டிச் என்றே வழங்குகிறது. வெட்டியும் மடித்தும் ஒட்டியும் சுருட்டியும் வாழ்த்து அட்டை, நினைவேடு, சுவர் அலங்காரம் முதலியவற்றைச் செய்வது காகிதக் கைவினை. இரண்டும் பெரும்பாலும் வீட்டில், ஓய்வு நேரத்தில் செய்யப்படுபவை. இரண்டையும் ஒருவரே செய்வதும் வழக்கம். இவற்றின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. அச்சிட்ட காகிதம் மலிந்த அளவுக்கே குறுக்குத் தையலும் மாளிகைகளிலிருந்து எளிய வீடுகளுக்குப் பரவியது.

அடிப்படை முறை

குறுக்குத் தையலுக்கு நெடுக்கிழையும் குறுக்கிழையும் சம இடைவெளியில் ஓடும் துணி வேண்டும். கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட ஐடா துணி இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டங்கள் என்பதே அத்துணியின் எண். 11, 14, 16, 18 ஆகியவை பரவலான எண்கள். அகலத்தில் 140 தையலும் உயரத்தில் 98 தையலும் கொண்ட ஒரு வடிவம் 14 எண் துணியில் 10 அங்குலத்துக்கு 7 அங்குலமாக அமையும். அதே வடிவம் 18 எண் துணியில் ஏறத்தாழ 7.8 அங்குலத்துக்கு 5.4 அங்குலமாகச் சுருங்கும். சட்டம் போடுவதற்காக நாற்புறமும் சுமார் மூன்று அங்குலம் துணி விடப்படுகிறது.

ஊசியின் முனை மழுங்கியிருக்கும். துணியைக் குத்தாமல் இழைகளுக்கு இடையிலுள்ள துளையில் நுழைவதற்காகவே அந்த அமைப்பு. நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. 14 எண் துணிக்கு அதிலிருந்து இரண்டு இழைகளைப் பிரித்துக் கோப்பது வழக்கம். ஒவ்வொரு தையலையும் உடனுக்குடன் முடிப்பது ஆங்கில முறை எனவும், ஒரு வரிசை முழுவதும் பாதித் தையல் போட்டுச் சென்று திரும்பி வரும்போது மறுபாதியைப் போடுவது டேனிஷ் முறை எனவும் அழைக்கப்படுகின்றன. எந்த முறையானாலும் மேலே விழும் தையல்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் ஒளி படும்போது நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். நூல் முனைகளில் முடிச்சுப் போடாமல், பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகி முடிப்பார்கள்.

அச்சுப் புத்தகங்களின் வருகை

இழை எண்ணித் தைக்கும் வேலை பழமையானது. மம்லூக் காலத்து எகிப்தில் அவ்வாறு தைக்கப்பட்ட துணித் துண்டுகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஐரோப்பாவில் அச்சுத்தொழில் தோன்றும்வரை வடிவங்கள் துணியைப் பார்த்துத் துணியில் படியெடுக்கப்பட்டன. 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், கொலோன் நகரங்களில் பூத்தையல் வடிவங்களுக்கென்றே புத்தகங்கள் அச்சாயின. 1587இல் பாரிஸில் ஃபெடெரிகோ டி வின்சியோலோவின் வடிவப் புத்தகம் வெளிவந்து பலமுறை மறுபதிப்புக் கண்டது. சதுரக் கட்டங்களில் அச்சிட்ட வடிவத்தைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என எண்ணிப் போடும் பழக்கம் இப்புத்தகங்களால் வேரூன்றியது.

பிற துறை நூல்களின் படங்களும் ஊசிக்கு வந்தன. 1569 முதல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, பிரபுவின் மனைவி பெஸ் ஆஃப் ஹார்ட்விக்குடன் சேர்ந்து பட்டு நூலால் விலங்கு, பறவை, மீன் உருவங்களைக் குறுக்குத் தையலில் தைத்தார். அவற்றில் பல, சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னரின் விலங்கு நூலிலிருந்த மரச்செதுக்குப் படங்களைப் பின்பற்றியவை. ஆக்ஸ்பரோ தொங்கல்கள் என்று பெயர்பெற்ற இவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

மாதிரித் துணிகள்

பிற்காலத்தில் பார்த்துத் தைப்பதற்காகத் தையல் வகைகளையும் வடிவங்களையும் ஒரே துணியில் போட்டு வைப்பது மாதிரித் துணி. ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் மிகப் பழையது 1598இல் ஜேன் போஸ்டாக் தைத்தது. 1596இல் ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியும் அதில் தைக்கப்பட்டுள்ளது. அது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அறியப்பட்டவற்றுள் பழையது, பிளிமத் குடியேற்றத்தைச் சேர்ந்த லோரா ஸ்டாண்டிஷ் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தைத்தது.

18ஆம் நூற்றாண்டில் மாதிரித் துணி பள்ளிப் பயிற்சியாக மாறியது. சிறுமிகள் அகரவரிசை, எண்கள், ஒரு நல்லுரை, ஒரு வீடு, சில மரங்கள் ஆகியவற்றைத் தைத்து, அடியில் தம் பெயரையும் வயதையும் ஆண்டையும் குறித்தனர். எழுத்தும் எண்ணும் தைக்கக் கற்றதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. வசதியான வீடுகளில் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் தொலையாதிருக்க, உரிமையாளரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் குறுக்குத் தையலில் குறிக்கப்பட்டன. வேலைக்குப் போகவிருக்கும் ஏழைப் பெண்ணுக்கு இத்திறன் ஒரு தகுதியாக இருந்தது.

அந்தப் பயிற்சி எதிர்பாராத ஒரு சாட்சியத்தையும் விட்டுச் சென்றது. 1830ஆம் ஆண்டு வாக்கில் சசெக்ஸைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர் என்ற பணிப்பெண், வேலை செய்த வீட்டில் தனக்கு நேர்ந்த கொடுமையையும் தன் மனத்துயரையும் லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால், ஓர் அலங்காரமும் இல்லாமல், வரி வரியாகக் குறுக்குத் தையலில் எழுதினார். வாசகம் பாதியில் நிற்கிறது. பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். உழைக்கும் பெண்கள் தம் வாழ்வைத் தாமே பதிவுசெய்தது அரிதாக இருந்த காலத்தின் ஆவணம் என்ற வகையில் அந்தத் துணிக்கு ஈடு குறைவு.

பெர்லின் கம்பளி வேலை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் பதிப்பாளர்கள் கட்டத்தாளில் வடிவங்களை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் நிறம் தீட்டி, தனித்தாள்களாக விற்றனர். எந்த நிறம் எங்கே வர வேண்டும் என்பதைத் தைப்பவர் தாமே தீர்மானிக்க வேண்டிய நிலை இதனால் நீங்கியது. ஓவியப் பயிற்சி இல்லாதவரும் பூங்கொத்தையோ கிளியையோ நாயையோ தைக்க முடிந்தது. மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி நூலும் உடன் விற்கப்பட்டது. 1830களில் லண்டன் கடைகள் இவற்றை இறக்குமதி செய்யத் தொடங்கியதும், இருக்கை உறை, காலணி, திரை என நடுத்தர வீடுகள் எங்கும் பெர்லின் வேலை நிறைந்தது.

1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதையடுத்துக் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் சிவப்பும் கம்பளி நூலில் ஏறின. கைவினையில் கலையுணர்வு குன்றிவிட்டது எனக் கருதியோர், பழைய பூத்தையல் மரபுகளை மீட்க முனைந்தனர். லண்டனில் 1872இல் நிறுவப்பட்ட அரச தையற்கலைப் பள்ளி அம்முயற்சியின் விளைவு. நூற்றாண்டின் இறுதிக்குள் பெர்லின் மோகம் தணிந்தது. நிறக் கட்டத்தாள் மட்டும் நிலைத்துவிட்டது.

துளையிட்ட அட்டையும் காகித வேலைகளும்

குறுக்குத் தையலும் காகிதமும் நேரடியாக ஒன்றாகிய பொருள் துளையிட்ட அட்டை. எந்திரத்தால் சீரான வரிசைகளில் நுண்துளைகள் இடப்பட்ட இந்த அட்டை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலிவாகக் கிடைத்தது. இதில் பின்னணியை நூலால் நிரப்பத் தேவையில்லை. அட்டையின் வெண்மையே பின்னணியாகிவிடும். ஓரம் பிரியாது என்பதால் வேண்டிய உருவில் வெட்டிக்கொள்ளவும் முடியும். பைபிளுக்கான பக்கக் குறிகள் இதில் தைக்கப்பட்டுப் பட்டு நாடாவில் இணைக்கப்பட்டன. இல்லத்தை ஆசீர்வதிக்கும் வாசகங்கள் பெரிய அட்டைகளில் தைக்கப்பட்டுச் சட்டமிட்டு மாட்டப்பட்டன. இன்றும் கிறிஸ்துமஸ் தொங்கல்களுக்கும் பக்கக் குறிகளுக்கும் இந்த அட்டை விற்கப்படுகிறது.

காகிதத்தை மட்டுமே கொண்ட கலையிலும் தையற்காரர்களின் கை தெரிகிறது. சிறந்த பூத்தையற்காரரான மேரி டெலானி, 1772இல், எழுபது வயதைக் கடந்த பின், நிறத்தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டித் தாவரங்களை உருவாக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் ஆயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவை தாவரவியல் துல்லியத்துக்கும் பெயர்பெற்றவை.

அஞ்சல் கட்டணம் குறைந்ததும் வாழ்த்து அட்டை பெருகியது. பிரிட்டனில் பென்னி அஞ்சல் 1840இல் வந்தது. ஹென்றி கோல் 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்ததே வணிகமுறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எஸ்தர் ஹௌலண்ட் காகிதச் சரிகை ஒட்டிய காதலர் அட்டைகளைப் பெண்களை வேலைக்கு அமர்த்திச் செய்வித்து ஒரு தொழிலாகவே வளர்த்தார். படங்களையும் செய்தித் துணுக்குகளையும் ஒட்டிவைக்கும் ஏடுகளும் பரவின. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873இல் பசை தடவிய தாள்கள் கொண்ட ஒட்டேட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

நூலும் துணியும் தொழிலாதல்

இன்றைய குறுக்குத் தையலின் பொருள்கள் 19ஆம் நூற்றாண்டின் ஆலைகளில் உருவானவை. 1746இல், இன்று பிரான்ஸில் உள்ள முலூஸ் நகரில் துணி அச்சிடும் நிறுவனமாகத் தொடங்கிய டி.எம்.சி. பின்னர் பூத்தையல் நூலுக்குத் திரும்பியது. அந்நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய ஆஸ்திரியாவின் தெரேஸ் டி டில்மான் 1886இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலேயர் ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற காரப் பதனமுறை, பருத்தி நூலுக்கு வலிமையைத் தந்தது; பட்டின் மினுமினுப்பு அம்முறையின் பிந்தைய மேம்பாட்டால் வந்தது. ஐடா துணி ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனத்தின் ஆக்கம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் மாறாத எண் கொடுத்தது இத்தொழிலின் பெரும் பங்களிப்பு. டி.எம்.சி. 310 என்றால் எந்த நாட்டிலும் கறுப்புதான். ஆங்கர் என்னும் மற்றொரு வணிகப் பெயருடைய நூலில் அதே கறுப்பு 403. கட்டத்தாளில் குறியீடும் நூலில் எண்ணும் சேர்ந்ததால், ஓரிடத்தில் வரைந்த வடிவம் உலகின் மறுகோடியில் அதே நிறங்களில் தைக்கப்படலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டு

1928இல் கோபன்ஹேகனில் தொடங்கிய டேனிஷ் கைவினைச் சங்கம் குறுக்குத் தையலுக்குப் புது மதிப்பைத் தேடித் தந்தது. அதன் வடிவமைப்பாளர் கெர்டா பெங்ட்சன் காட்டுப் பூக்களையும் வயல்வெளிச் செடிகளையும் அடங்கிய நிறங்களில் வடிவமைத்தார். பெர்லின் வேலையின் பகட்டுக்கு நேர்மாறான அவ்வடிவங்களை இன்றும் பலர் தைக்கின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் கிரீட் தீவில் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சிஸ் காஸ்டாக்ளி, 1941 டிசம்பரில் ஜெர்மானியச் சிறைமுகாமில் ஒரு மாதிரித் துணியைத் தைத்தார். ஓரக்கரையிலிருந்த புள்ளிகளும் கோடுகளும் மோர்ஸ் குறியீடுகள்; அவை பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தின, ஹிட்லரை வசைபாடின. அதைப் படித்தறியாத முகாம் அதிகாரிகள் பல முகாம்களில் அதைக் காட்சிக்கு வைத்தனர்.

காகிதக் கைவினையில் திருப்பம் 1980இல் நேர்ந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரிலின் கிறிஸ்டென்சன், சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தம் குடும்ப நினைவேடுகளைக் காட்சிப்படுத்தினார். அதைத் தொடர்ந்து நினைவேடு தயாரிப்பு ஒரு தனி பொழுதுபோக்காக வளர்ந்தது. புகைப்படங்களைக் கெடுக்காத அமிலமற்ற தாளும் பசையும் வீட்டுக் கைவினைக்கு வந்தன.

பிற மரபுகள்

குறுக்குத் தையல் ஐரோப்பியப் பொழுதுபோக்கு மட்டுமன்று. பாலஸ்தீனப் பெண்களின் தோப் என்னும் நெடிய அங்கியில் குறுக்குத் தையலே முதன்மையானது. அணிபவரின் ஊரையும் வட்டாரத்தையும் வடிவமே காட்டிவிடும். இக்கலையை யுனெஸ்கோ 2021இல் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. உக்ரைனின் பூத்தையல் சட்டைகளிலும், சீனாவின் மியாவ் மக்களின் உடைகளிலும் இத்தையல் உண்டு.

கர்நாடகத்தின் கசூட்டி என்னும் பூத்தையலில் கவந்தி, முர்கி, நெய்கி, மெந்தி என நான்கு தையல்கள் உள்ளன. மெந்தி என்பது குறுக்குத் தையல். நீலகிரியின் தோடர்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையல், குறுக்குத் தையலாக இல்லாவிடினும், இழை எண்ணியே செய்யப்படுவது. அது 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

தமிழர் வீடுகளில் இத்தையல் பரவப் பள்ளித் தையல் வகுப்புகள் பெரிதும் உதவின. கட்ட நெசவு கொண்ட மேட்டி துணியில் தைத்த தலையணை உறை, மேசை விரிப்பு, கண்ணாடிச் சட்டமிட்ட மயில், அன்னம் ஆகியவை பல வீடுகளில் காணப்பட்டவை. ஆங்கர் நூலுக்கு மதுரையோடும் உறவு உண்டு. மதுரை மில்ஸ் நிறுவனமும் ஜே.&பி. கோட்ஸ் நூல் நிறுவனத்தின் இந்தியக் கிளையும் 1974இல் இணைந்து உருவான மதுரா கோட்ஸ், அந்நூலை இந்தியச் சந்தைக்குத் தந்தது. காகிதக் கைவினையில், கையால் செய்த பொங்கல் வாழ்த்து அட்டைகளும், காகிதச் சுருளால் செய்த கம்மல்களும் தமிழ்நாட்டில் பழக்கமானவை.

இன்றைய வழக்கம்

கணினி இவ்விரு கலைகளையும் மாற்றியுள்ளது. புகைப்படத்தைக் கட்ட வடிவமாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. வடிவங்கள் கோப்புகளாக விற்கப்படுகின்றன. அட்டை வெட்டும் சிறு எந்திரங்கள் வீடுகளுக்கு வந்துவிட்டன. அன்றாட வேலைமுறை மட்டும் பழையதே. நூலைச் சிட்டத்திலிருந்து பிரித்து அட்டைத் துண்டில் சுற்றி எண் எழுதி வைப்பது, துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் கண்டு அங்கிருந்து தொடங்குவது, முடித்த கட்டங்களைத் தாளில் நிறமிட்டு அடையாளம் செய்வது ஆகியவை அதன் படிகள். சிறு வேலைகளை நடுவில் சாளரம் வெட்டிய மூன்று மடிப்பு அட்டைக்குள் ஒட்டி வாழ்த்தாக அனுப்புவதில் தையலும் காகிதமும் மீண்டும் சேர்கின்றன.

முடிந்த வேலையைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, துண்டின்மேல் கவிழ்த்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுவது முறை. நேரடி வெயில் நூலை வெளுக்கச் செய்யும்; அமிலமுள்ள அட்டை துணியையும் தாளையும் மஞ்சளாக்கும். எனவே சட்டத்துக்கு அமிலமற்ற அட்டையே ஏற்றது. மூலையில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் தைத்து வைப்பது பழைய மரபு. பழைய வேலைகளைத் தைத்தவர் யார், எந்தக் காலத்தவர் என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்ய முடிவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான். ஆகவே தைத்து முடிக்கும் ஒவ்வொருவரும் அதை விடாமல் செய்வது நல்லது.