பூஜ்ஜியம் டிகிரி எந்த ஊரில் இருக்கிறது?

அட்சரேகை, தீர்க்கரேகைன்னு சொன்னாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். குறுக்கே போறது எது, நெடுக்கே போறது எதுன்னு மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, அன்னிக்கே மறந்துபோன சமாச்சாரம். ஆனால் இந்த ரெண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஒண்ணு இயற்கை போட்டது. இன்னொண்ணு மனுஷன் கூடி உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினது. அந்த ரெண்டாவது கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதுக்கு முன்னாடி முதல் கோட்டைக் கொஞ்சம் பார்த்துடுவோம்.

பூமி ஒரு அச்சில் சுற்றுகிறது. அதனால் ரெண்டு துருவம் தானாகவே கிடைச்சுடுது. ரெண்டுக்கும் சரிபாதியில் பூமத்திய ரேகை. அட்சரேகையின் பூஜ்ஜியம் அதுதான், யாரும் அதை நகர்த்த முடியாது. அந்த அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. கடக ரேகையும் மகர ரேகையும் அந்த இடத்தில் இருப்பது இதனால்தான். வெயில் காலமும் குளிர் காலமும் வருவதும் இந்தச் சாய்வால்தான்.

சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர்னு இன்னமும் நிறையப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். அதாவது நம்ம மார்கழிக் குளிரில்! மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. நாம இங்கே போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது ஆஸ்திரேலியாக்காரன் கோடையில் வேர்த்துக்கிட்டிருப்பான். சாய்வில் அந்தப் பக்கம் சூரியனைப் பார்த்து இருக்கிறது, அவ்ளோதான்.

ஆக, அட்சரேகையை வானத்தைப் பார்த்தே படிக்கலாம். சென்னை வடக்கே சுமார் 13 டிகிரி. துருவ நட்சத்திரமும் அங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 13 டிகிரி உயரத்தில்தான் தெரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்கர், எகிப்தின் ரெண்டு ஊர்களில் விழும் நண்பகல் வெயிலின் கோணத்தை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார். கோடை உச்ச நாளில் சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் உச்சியில். அதே நேரம் அலெக்ஸாண்ட்ரியாவில் உச்சியிலிருந்து ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு விலகல். அப்போ ரெண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. முடிஞ்சுது.

தீர்க்கரேகையில்தான் தொல்லை. கிழக்கு மேற்கில் துருவம் கிடையாது, எந்தக் கோட்டை வேணும்னாலும் பூஜ்ஜியம்னு வச்சுக்கலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, தனக்குத் தெரிந்த உலகத்தின் மேற்கு ஓரமான தீவுகளில் (இன்றைய கேனரி தீவுகள் என்கிறார்கள்) இருந்து எண்ண ஆரம்பித்தார். நம்ம நாட்டு வானியல் நூல்களுக்கு உஜ்ஜயினி வழியாகப் போகும் கோடுதான் பூஜ்ஜியம். அந்தக் கோடு பூமத்திய ரேகையைத் தொடும் இடத்தை 'லங்கா' என்று சொன்னார்கள். அது கணக்குக்காக வைத்துக்கொண்ட இடம். இன்றைய இலங்கை அதற்குப் பல டிகிரி கிழக்கே இருக்கிறது.

பூஜ்ஜியம் எங்கேன்னு முடிவு பண்ணினாலும், நாம அதிலிருந்து எவ்வளவு தூரம்னு அளப்பது எப்படி? பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இங்கே மணி என்ன, பூஜ்ஜிய ஊரில் இதே நொடியில் மணி என்னன்னு ரெண்டும் தெரிஞ்சால் போதும். தரையில் இதற்குச் சந்திர கிரகணத்தைப் பயன்படுத்தினார்கள். நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் கிரகணத்துக்காகக் காத்திருக்க முடியுமா? ஊசல் கடிகாரமும் அங்கே வேலை செய்யாது.

விலையைக் கொடுத்தது மாலுமிகள். 1707 அக்டோபரில் கிளவுட்ஸ்லி ஷாவல் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கப்பல்கள், தாங்கள் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லி தீவுகளின் பாறைகளில் மோதின. நாலு கப்பல்கள் போயின. செத்தவர்கள் 1,400 பேருக்கும் மேல். (அன்றைக்கு அட்சரேகைக் கணக்கிலும் பிழை இருந்ததாகப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.) 1714இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சொல்லும் வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது கொள்ளைப் பணம்.

தச்சர் மகனான ஜான் ஹாரிசன் தன் வாழ்நாளையே இதில் போட்டார். அவருடைய நான்காவது கடிகாரம் ஒரு பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி இருக்கும். 1761இல் அது ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. போய்ச் சேர்ந்தபோது அதில் இருந்த பிழை சுமார் 5 நொடிதான்! ஆனாலும் பரிசுக் குழு "இன்னொரு தடவை காட்டு"ன்னு இழுத்தடிச்சது. கடைசியில் 1773இல், அவருக்கு 80 வயசாகும்போது, பார்லிமெண்ட்தான் தலையிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தது.

இதே காலத்தில் நிலா, நட்சத்திரக் கோணங்களை அளந்து தீர்க்கரேகை காணும் முறையை ஆதரித்தவர் கிரீன்விச் ஆய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கலின். ஹாரிசனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் 1767 முதல் அவர் வெளியிட்ட கப்பல் பஞ்சாங்கம் எல்லாக் கணக்கையும் கிரீன்விச்சை வைத்தே போட்டது. அந்தப் புத்தகம் எல்லா நாட்டு மாலுமிகள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படியே கிரீன்விச்சும் போய்ச் சேர்ந்தது.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடின. அதற்குள் உலகக் கப்பல் சரக்கில் பெரும்பகுதி கிரீன்விச் வரைபடங்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிரீன்விச்சுக்கு ஆதரவாக 22 ஓட்டு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, சான் டொமிங்கோ. பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடவில்லை. பிரான்சுக்கு மனசே ஆறவில்லை. 1911இல் வேறு வழியில்லாமல் மாறியபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பேரையே எழுதவில்லை. "பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 நொடி குறைத்தது"ன்னு எழுதி வச்சாங்க :-)

சிரிக்கறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கதையும் இருக்கு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் கட்டப்பட்டது. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய சர்வேக்கும் தீர்க்கரேகைக் கணக்கு இந்த ஆய்வகத்தில் இருந்துதான். அது கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 80¼ டிகிரி. நாலால் பெருக்குங்க: 321 நிமிஷம், அதாவது 5 மணி 21 நிமிஷம். இதுதான் 'மெட்ராஸ் டைம்'. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால் இந்திய ரயில்கள் இந்த நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரிக் கோடு வந்தது. 330 நிமிஷம், ஐந்தரை மணி. நுங்கம்பாக்கத்து நேரம் ஓய்வெடுத்துக்கொண்டது. கல்கத்தாவும் பம்பாயும் மட்டும் தங்கள் சொந்த நேரத்தை விடாமல் அதற்கப்புறமும் பல வருஷம் ஓட்டின.

யோசிச்சுப் பார்த்தால் உஜ்ஜயினி, பாரிஸ், மெட்ராஸ் எதுவுமே தப்பான பூஜ்ஜியம் இல்லை. கிரீன்விச் மட்டும் சரியானதும் இல்லை. யாருடைய புத்தகத்தை வச்சு மாலுமி உயிரோட வீடு திரும்பினானோ, அவங்க ஊர் பூஜ்ஜியம் ஆச்சு. அந்தக் கடலில் யார் கப்பல் அதிகம் ஓடிச்சுங்கறதும் சேர்த்துத்தான்.

கொசுறு: கிரீன்விச்சில் தரையில் பதித்த கோட்டின் மேல் நின்று செல்போனில் ஜிபிஎஸ் பார்த்தால் பூஜ்ஜியம் காட்டாது. செயற்கைக்கோள் கணக்குப்படி பூஜ்ஜியம் அங்கிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே!

கொசுறு 2: சென்னைக்காரங்க ஏப்ரல் 24ஐ ஒட்டியோ ஆகஸ்ட் 18ஐ ஒட்டியோ நண்பகலில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்க. சூரியன் தலைக்கு நேர் மேலே வரும், நிழலே விழாது. ஏப்ரலில் அது நடப்பது 12 மணிக்கு இல்லை, சுமார் 12.07க்கு. அந்தச் சில நிமிஷத்தில்தான் பழைய மெட்ராஸ் டைம் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு.