அரச காணிகளில் தொலைத்தொடர்பு அமைப்புகளுக்கான அனுமதி: புல்மோட்டைப் பகுதி

தொலைத்தொடர்புக் கோபுரம், அதன் மின்பிறப்பாக்கி அறை, ஒளியிழை வடம் போன்றவற்றை அரசுக்குரிய காணியில் நிறுவுமுன் பெறவேண்டிய சம்மதங்களின் தொகுதி. இலங்கையில் இது ஒரே உத்தரவாகக் கிடைப்பதில்லை. காணியைத் தருவது ஓர் அலுவலகம், கட்டடத்தை ஏற்பது இன்னொன்று, அலைவரிசையை ஒதுக்குவது வேறொன்று. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள புல்மோட்டை, இந்த ஏற்பாட்டின் சிக்கலை முழுமையாகக் காட்டும் இடம். கிழக்கே கடலும் கனிய மணலும், வடக்கே கொக்கிளாய்க் களப்பும், மேற்கே காடும் அமைந்த ஊர் இது. ஒரு கோபுரத்துக்குத் தேவைப்படும் சில பேர்ச் நிலத்தை எந்தப் பக்கம் தேடினாலும் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் எதிர்ப்படும். விண்ணப்பங்களை இணையவழிக்கு மாற்றும் முயற்சிக்கு இங்கு முதல் தடை படிவமோ கணினியோ அன்று. காணி எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் உள்ள குழப்பமே.

காணியின் வரலாறும் வகைகளும்

இலங்கை நிலப்பரப்பில் 80 வீதத்துக்கும் மேற்பட்டது அரச காணி. இந்த நிலை இயல்பாக வந்ததல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை எனக் கொண்டது. எழுத்தில் உறுதி வைத்திராத சேனைப் பயிர்ச்செய்கையாளன் தலைமுறைகளாக வெட்டி விதைத்து விட்டு, மீண்டும் திரும்பிவந்த நிலம், அவன் விட்டிருந்த இடைக்காலத்தில் “பயிரிடப்படாத நிலம்” ஆயிற்று. நிரூபிக்கும் சுமை நிலத்தைப் பறித்தவர் மீதன்றி, பறிகொடுத்தவர் மீதே விழுந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும் இந்த ஊகத்துக்கு நடைமுறை வடிவம் கொடுத்தன.

1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழு திசையை ஓரளவு மாற்றியது. நிலத்தை விற்பதை விடக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிப்பதே முறை என்ற அதன் கருத்திலிருந்து 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஊரில் “பேர்மிட் காணி” என்று சொல்லப்படுவது இச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துடன் கொடுக்கப்பட்ட நிலம். நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். இரண்டு நிலையிலும் காணியைத் தம் விருப்பப்படி கைமாற்ற இயலாது. ஆகவே பேர்மிட் காணிக்காரர் ஒருவர், வீட்டு வளவின் மூலையைக் கோபுர நிறுவனமொன்றுக்கு மாத வாடகைக்கு விட நினைத்தாலும், அவருடைய கையொப்பம் மட்டும் போதாது.

விவசாயத்துக்கல்லாத தேவைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அடிப்படை. முடிக்குரிய காணிச் சட்டமாக வந்து, குடியரசுக்குப் பின் அரச காணிச் சட்டமாகிய இது, அளிப்பு, குத்தகை, அனுமதி எனப் பல வழிகளைத் தருகிறது. வீதி, ஓடை, கரையோரம் ஆகியவற்றுக்கான ஒதுக்கங்களையும் பேசுகிறது. கோபுரத்துக்கான நிலம் பொதுவாக இச்சட்டத்தின் குத்தகை வழியிலேயே வரவேண்டும். தனியாருக்குரிய உறுதிக் காணி கிடைக்கும் இடத்தில் நிறுவனங்கள் அதையே நாடுவதற்குக் காரணமும் இதுவே: உரிமையாளருடன் ஓர் ஒப்பந்தம் எழுதினால் காணிப் பகுதி முடிந்துவிடும்.

முன்பு கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்கள் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளருக்கு வந்தன. எனவே புல்மோட்டைக் கோப்பு குச்சவெளியில் திறக்கப்படுகிறது. கிராம அலுவலரின் அறிக்கை, காணி உத்தியோகத்தரின் கள ஆய்வு, நில அளவை வரைபடம் என்று தடித்து, காணி ஆணையாளர் நாயகம் திணைக்களத்தை நோக்கிப் புறப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் வைத்து, தேசிய காணி ஆணைக்குழு ஒன்றையும் விதித்தது. அந்த ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசிடமே இருப்பதாகத் தீர்ப்பளித்ததோடு, மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்டது பெயரளவில் நின்றது.

இவற்றுக்கு மேல் சிறப்புச் சட்டங்களின் அடுக்கு உள்ளது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் ஒதுக்கக் காடுகளை வன இலாகாவிடம் வைக்கிறது. ஒதுக்கமாக அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகள் 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் அதே இலாகாவின் பொறுப்புக்குப் போயின. 2020 நவம்பரில் வந்த சுற்றறிக்கை அந்தப் பொறுப்பைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் திருப்பியது. ஒரே பற்றைக்காடு இருபது ஆண்டுக்குள் இரண்டு கை மாறியிருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொக்கிளாய்க் களப்பு 1951இல் சரணாலயமாயிற்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் செய்யும் அபிவிருத்திப் பணிக்குத் தனி அனுமதி கோருகிறது.

இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் செறிந்த மணற்கரை, 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனத்தின் களம். அங்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருட் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அரிசிமலை போன்ற இடங்களில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் குறுக்கிடுகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இடம்பெறவில்லை. இப்பகுதி மக்கள் எல்லைக்கல்லைக் கண்டு அஞ்சுவதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

தந்தி முதல் கோபுரம் வரை

இலங்கையில் தந்திச் சேவை 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தொடங்கியது. 1944ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கத் தொலைத்தொடர்புக் கட்டளைச் சட்டக் காலத்தில் அரசே கம்பி இழுத்தது, அரசே நிலமும் வைத்திருந்தது. தனக்குத் தானே அனுமதி கேட்கும் தேவை அதற்கு இருக்கவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் வானலைக் கட்டமைப்புக்கு நிலம் கொடுப்பது சர்வதேச விவகாரமாகவும் ஆகியிருக்கிறது. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி இம்மாவட்டத்தில் நீண்டகாலம் அஞ்சல் ஒலிபரப்பு நிலையமொன்றை இயக்கியது. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான உடன்படிக்கைகளை இலங்கை மீளாய்வு செய்யும் என்றும், அந்நிலையங்கள் பொது ஒலிபரப்புக்கன்றி இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதிருப்பதை உறுதிசெய்யும் என்றும் எழுதப்பட்டது. திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் அதே கடிதங்களில் இடம்பெற்றன. ஓர் அலைவாங்கிக் கம்பத்தைக் காணிப் பிரச்சினையாக மட்டும் பார்க்க இம்மாவட்டத்தில் எவருக்கும் வாய்த்ததில்லை.

1989இல் செல்டெல் நிறுவனம் செல்லிடப் பேசிச் சேவையைத் தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கின. அரசு நிலம் தருபவராகவும் தனியார் நிலம் கேட்பவராகவும் பிரிந்தது இதன் பின்னரே. புல்மோட்டைக்கு அப்போது யுத்தகாலம். 1997 செப்டெம்பரில் கனிய மணல் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி கப்பல் கரைக்கு அருகே தாக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னும், பெருமளவில் 2009க்குப் பின்னும் கோபுரங்கள் வடகிழக்கில் பரவின. யுத்தம் முடிந்த பிறகும் பாதுகாப்பு அமைச்சின் சம்மதம் கோப்பில் தங்கிவிட்டது. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை உயரத்தைப் பார்க்கிறது. பிரதேச சபை கட்டட அனுமதியைத் தருகிறது. கதிர்வீச்சுக்கு அஞ்சி அயலவர் மனுக்கொடுத்தால் கோப்பு அங்கேயே சில காலம் படுத்துக்கொள்ளும்.

இணையவழிக்கு மாற்றம்

பிற நாடுகளில் இம்மாற்றம் பெரும்பாலும் கால எல்லையோடு சேர்ந்தே வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரை நிர்வகிக்கும் நில முகாமைத்துவப் பணியகம் உட்பட, கூட்டாட்சி நிலங்களை வைத்திருக்கும் அமைப்புகள் தொடர்பாடல் வசதிகளுக்கு எஸ்.எஃப். 299 என்ற பொதுப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. 2018இல் நிறைவேறிய மொபைல் நவ் சட்டம் அவ்விண்ணப்பங்களுக்கு 270 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றது. அதன் பின்னும், இணையத்தில் ஏற்கும் வசதி எல்லா அமைப்புகளிலும் ஏன் இல்லை என்ற கேள்வி காங்கிரஸில் எழுந்துகொண்டே இருந்தது.

இந்தியா வேறு வழியில் போயிற்று. 2016ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள், 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளும் ஏற்பாட்டைத் தந்தன. 2022 மே 14இல் கதிசக்தி சஞ்சார் என்ற மத்திய இணையவாசல் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன. மௌனம் சம்மதம் என்ற பழமொழி அங்கு விதியாகிவிட்டது. இலங்கையின் அரச காணிக் கோப்பில் மௌனத்துக்கு அப்படி ஒரு பொருள் இல்லை.

இலங்கையில் அடித்தளச் சட்டங்கள் நெடுநாளாகவே உள்ளன. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மைக்கு வழிசெய்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட மதிப்பளித்தது. காணி ஆணையாளர் நாயகம் திணைக்களத்தின் இ-ஸ்லிம்ஸ் முறைமை அரச காணி விபரங்களைக் கணினியில் பதிகிறது. ஆனால் பதிவேடு வேறு, சம்மதம் வேறு. வன இலாகாவின் வரைபடமும் தொல்பொருள் எல்லையும் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவும் ஒரே துண்டை மூன்று விதமாகக் காட்டும்வரை, இணையத்தில் ஒரு நிமிடத்தில் சேரும் விண்ணப்பம் பழைய மேசைகளில் பழைய வேகத்தில்தான் நகரும். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பிரிவுக்குத் தமிழிலேயே படிவமும் அறிவித்தலும் வரவேண்டும் என்பதும் இதில் அடங்கும். ஆட்சேபிக்கும் உரிமை விண்ணப்பதாரியோடு ஊராருக்கும் உண்டு.

2025 பெப்ரவரி 7இல் அரச கட்டணங்களை இணையத்தில் செலுத்தும் கவ்பே தொடங்கப்பட்டது. 2024இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை 2025 ஜூலையில் நாட்டில் இயங்கத் தொடங்கியது. ஊருக்கு ஊர் கோபுரம் தேவைப்படாத சேவை என்பதால் அதன் இணைப்புக்குக் குச்சவெளியில் காணிக் கோப்பு எதுவும் திறக்கப்படவேண்டியதில்லை.