சந்திரசேகர் தடுத்திருந்தால்?

1958-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் பார்க்கர் என்ற இளைஞர் ஒரு கணக்குப் போட்டார். சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. சூரியனால் அதைப் பிடித்து வைக்க முடியாது, ஒலியைவிட வேகமாக வெளியே வீசிக்கொண்டே இருக்கும் என்றார். அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலுக்கு அனுப்பினார். மதிப்பிட்ட இருவருமே வேண்டாம் என்றார்கள்.

அப்போது அந்த இதழுக்கு ஆசிரியர் யார் தெரியுமா? நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இந்த யோசனை பிடிக்கல. ஆனா கணிதத்துல தப்பு இல்லையே! வெளியிட்டுவிட்டார். 1935-ல் லண்டனில், வெள்ளைக் குள்ள விண்மீன்கள் பற்றிய தன் கணக்கை எடிங்டன் சபையில் கேலி செய்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பழைய வடு இங்கே வேலை செய்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1962-ல் மரைனர் 2 வெள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காற்று வீசியது. நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகம்.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. தீபாவளிக்குக் கொளுத்தும் சங்குச் சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு பொறியும் நேராகத்தான் பறக்கிறது. சக்கரம் சுழல்வதால் மொத்தமாகப் பார்த்தால் சுருளாகத் தெரிகிறது. சூரியனும் சுழல்கிறது, காற்று அதன் காந்தப்புலத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் காந்தக் கோடுகள் சுருளாக வளைந்து, பூமிக்கு வரும்போது சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும்.

இது சராசரிக்குச் சரி. நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால் கோடுகள் ஒரே ஆட்டம்! மரைனர் 2 பதிவுகளை வைத்து 1968-ல் பால் கோல்மன் இதைக் கொந்தளிப்பு என்றார். ஆற்றில் பெரிய சுழி உடைந்து சின்னச் சுழிகளாகி, கடைசியில் வெப்பமாகக் கரைவது போல. விரிகிற வாயு எவ்வளவு ஆற வேண்டுமோ, அவ்வளவு சூரியக் காற்று ஆறுவதில்லை. அந்தச் சூட்டில் பெரும்பங்கு இந்தக் கொந்தளிப்பிலிருந்துதான் வருகிறது என்பது இன்றைய கருத்து.

2018 ஆகஸ்ட் 12 அன்று பார்க்கரின் பெயரையே தாங்கிய விண்கலம் கிளம்பியது. 91 வயதில் அவரே நின்று பார்த்தார். அந்த நவம்பரில் சூரியனை நெருங்கியபோது, காந்தக் கோடு திடீரென்று எஸ் எழுத்து மாதிரி பின்னால் மடங்கி, சில நொடியிலோ நிமிடத்திலோ பழைய திசைக்கே திரும்பியது. ஒன்றிரண்டு அல்ல, கொத்துக் கொத்தாக. மேற்பரப்பில் காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டும்போதே மடிப்பு உண்டாகிறது என்கிறார்கள் சிலர். வழியில் கொந்தளிப்பு வளர்ந்து மடிகிறது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு முதல் கட்சி. 2022 மார்ச்சில் பார்க்கர் காலமானபோதும் இந்தச் சண்டை ஓயவில்லை.